கோட்டை கட்டினவனுக்குக் கைதட்டிய பெருமக்களே

அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: மலாயாக் காட்டின் பழங்குடிகளான ஓராங் அஸ்லியைப் பற்றின பேச்சு. "அவசரகாலத்தில் வெள்ளைக்காரன் காட்டுக்குள் கோட்டை கட்டிப் போனதால்தான் ஓராங் அஸ்லிக்கு மருந்தும் பள்ளிக்கூடமும் கிடைத்தது" என்றார் பேச்சாளர், மண்டபமே கைதட்டியது. கீழே ரெண்டு வரி எழுதினேன். முதலில் சிரிப்புப் பொம்மை போட்டார்கள், அப்புறம் கருத்தையே காணோம். சரி, என் சுவரில் எழுதுகிறேன்.

அவை போலீஸ் கோட்டைகள் ஐயா. போலீஸ்!

1948-ல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து ஆயுதம் எடுக்க, அவசரகாலம் வந்தது. 1950-ல் ஜெனரல் பிரிக்ஸின் பெயரால் பிரிக்ஸ் திட்டம் போட்டுக் காட்டோரச் சீனர்களை லட்சக்கணக்கில் முள்கம்பிக்குள் புதுக்கிராமங்களில் அடைத்த பிறகு, கம்யூனிஸ்ட்காரனுக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. உள்காட்டுக்குப் போனான். அங்கே மரவள்ளியும் மலைநெல்லும் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஓராங் அஸ்லியிடமிருந்து அவனுக்குச் சோறும் துப்பும் கிடைத்தது. அப்போதுதான் அரசாங்கத்துக்கு இவர்கள் ஞாபகமே வந்தது.

வந்ததும் கோட்டையா கட்டினார்கள்? கூட்டம் கூட்டமாகக் காட்டிலிருந்து இறக்கி வேலி போட்ட முகாம்களில் அடைத்தார்கள். வெக்கை, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, நோய் என்று நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பலர் திரும்பக் காட்டுக்கே ஓடினார்கள். அது தோற்றதால்தான், இவர்களை இறக்கி ஆகாது, நாமே உள்ளே போவோம் என்று 1952, 53 வாக்கில் கோட்டை கட்டக் கிளம்பினார்கள். புரூக், கேமார், லெகாப், பெத்திஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். முகாமில் செத்தவர்களைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை உண்டா?

கருங்கல் கோட்டை ஒன்றும் இல்லை. காட்டைத் திருத்திக் குடிசைகள், சுற்றிலும் முள்கம்பி, உள்ளே போலீஸ் படை, பயோனியர் விமானம் இறங்கச் சின்னதாய் ஓர் ஓடுபாதை, அதற்கு வழியில்லாத இடத்தில் ஹெலிகாப்டர், இல்லாவிட்டால் பாராசூட்டில் சாமான். அப்புறம் ஒரு மருந்துக் குடிசை, உப்பும் துணியும் விற்க ஒரு கடை. மருந்து பொய் என்று நான் சொல்லவே இல்லை, மலேரியாவில் கிடந்த எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கும். தூண்டிலில் மாட்டின புழுவும் மீனுக்குச் சாப்பாடுதானே!

"கம்யூனிஸ்ட்காரன் மட்டும் யோக்கியனா" என்று வருவீர்கள். இல்லை. அவனும் மிரட்டினான், கொன்றான். போதுமா? அதற்காக இவனுக்கு மாலை போடணுமா?

"நீ என்ன ஓராங் அஸ்லியா, உனக்கு ஏன் வலிக்குது" என்று உள்பெட்டியில் ஒருவர். வலிக்கிறதுதான். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினவள். அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வெளியே போகும்போது வாசலில் நிறுத்தி வாளி, தலைத்துணி, மடி எல்லாம் சோதனை. ஒரு கைப்பிடி சோறு வெளியே போகக்கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரனே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான், யாரும் பதுக்கி வைக்க முடியாதபடி. வெறும் வயிற்றோடு வெயில் ஏறும்வரை மரம் சீவிவிட்டு வந்த கதையைப் பாட்டி சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இருக்காது, அதுதான் எனக்குத் தாங்காது. அந்த வேலியும் "உங்கள் பாதுகாப்புக்கு" என்றுதான் சொன்னார்கள். தோட்டத்தில் டிஸ்பென்சரியும் இருந்தது. அதற்கும் எழுந்து நின்று கைதட்டட்டுமா?

அன்றைக்குக் கைதட்டியவர்களில் பாதிப்பேர் அந்த லயத்துப் பேரப்பிள்ளைகள். நம் பாட்டிமாரை அடைத்த அதே கம்பிதானே ஐயா காட்டுக்குள்ளும் போனது? அது எப்படி அங்கே போனதும் தர்மகாரியம் ஆகிவிடுகிறது?

1960-ல் அவசரகாலம் முடிந்தது. அந்தக் கோட்டைகளின் பெயரைச் சுமக்கும் போஸ் புரூக், போஸ் பெத்திஸ் ஊர்ப் பக்கம் இன்றும் அந்தச் சனங்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தரையாவது அந்த மேடையில் ஏற்றினீர்களா? அடுத்த மாதமும் கூட்டம் இருக்கிறதாமே. கூப்பிடுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன், கைதட்டவும் தட்டுகிறேன்.