வாரம் 3,000 ரூபாய் என்பது பொய்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் ஏற்காட்டுத் தோட்டங்களிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: ‘வேலையிழந்தோருக்கான வாரத் தொகை 3,000 ரூபாயாக உயர்வு, பதிவுக் கட்டணம் 250.’ உயர்த்துவதற்கு அப்படியொரு வாரத் தொகையே இங்கே கிடையாது.

வேலையில்லாதோருக்கான தமிழக அரசின் உதவித்தொகை மாதக் கணக்கில்தான்: பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருந்தவருக்கே. மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும், தொகையும் அதிகம். (இன்றைய விலைவாசியில் 200 ரூபாயை உதவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.) பதிவுக்குக் கட்டணம் இல்லை.

‘உயர்வு’ என்ற பேச்சு தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலிருந்து கிளம்பியிருக்கலாம். அதன் அடல் நலத் திட்டத்தில், வேலையிழந்தோருக்கான நிவாரணம் 2020இல் சராசரி தினக்கூலியின் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது உண்மை. ஆனால் அதிகபட்சம் 90 நாட்கள், இ.எஸ்.ஐ. சந்தா செலுத்தியிருக்க வேண்டும். அதில் சேர்க்கப்படாத பட்டறைத் தொழிலாளிக்கு ஒரு காசும் வராது.

ஏமாந்து 250 ரூபாய் கட்டியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும்.