வாடகை உடுக்கை

வேறு வில்லுப்பாட்டு செட்டில், அதாவது குழுவில், உடுக்கை வாசிக்கிற பையனை எங்கள் செட்டில் உட்கார வைத்ததைக் கேலி செய்து ஒருவர் போட்ட வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலையில் அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணாச்சி, இனிமே செட்டுக்கு வர வேண்டாம்னுட்டாங்க." அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

வீடியோ போட்டவருக்கு நடந்தது தெரியாது. தெரிந்தாலும் போட்டிருப்பார், அது வேறு விஷயம். சுடலை கோயில் கொடை விழா. வில்லுக்கு மணி கட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் உடுக்கைக்காரர் வீட்டம்மாவுக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்தது. போகாதே என்றா சொல்வேன்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து செட்டில் வாசிக்கிற இந்தப் பையனுக்கு அன்றைக்குக் கோயில் இல்லை. கூப்பிட்டேன். முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து உட்கார்ந்தான். விடிய விடிய வாசித்தான். அதற்குக் கிடைத்த பட்டம், 'வாடகை உடுக்கை'.

ஒரு செட் ஆள் இன்னொரு செட்டில் போய் உட்காருவது துரோகம் கிடையாது. இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னும் பத்துத் தடவை சொல்வேன். வில்லுப்பாட்டு தனி ஆளின் கச்சேரியா? வில்லைத் தட்டுகிற வீசுகோல் பிடிக்கிறவர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலத்தே ஒருவர் பாடினால் இடத்தே இருப்பவர் அதை வாங்கிப் பாட வேண்டும். உடுக்கை இடம் காலியாகக் கிடந்தால் என்ன செய்ய, யூடியூபில் உடுக்கைச் சத்தத்தைப் போட்டுவிட்டு ஆமா போடுவதா?

நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்துக்குக் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கே, சேரன்மகாதேவிப் பக்கம் எங்கே? நம் சத்திரம் புதுக்குளத்து வில்லிசைக்காரர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்குக் கூட்டிப் போனவர் நாகர்கோவில்காரரான கலைவாணர். அடுத்த ஊர்க்காரன் நமக்கெதற்கு என்று அவர் நினைத்திருந்தால் 2021இல் அந்த வில்லுக்கு பத்மஸ்ரீ வந்திருக்குமா? உடனே ஒருவர் வருவார், "அவங்கள்லாம் மேதைகள், நீங்க யாரு" என்று. சரி, நாங்கள் மேதைகள் இல்லை. அதனால்தான் எங்களுக்கு அடுத்தவர் துணை இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

கூடச் சம்பளம் சொல்லி ஆளை இழுக்கிறேனாம். எங்கள் ஆளுக்கு என்ன கொடுப்பேனோ அதைத்தான் கொடுத்தேன். பெட்ரோலுக்கு 200 ரூபாய் சேர்த்தேன். அது குற்றமென்றால் குற்றம்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கதை ஓட்டம் தெரியாத ஆளை வைத்தால் சாமி வராது என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒவ்வொரு செட்டும் கதையை ஒவ்வொரு மாதிரி கொண்டுபோகும். சாமியை வரவழைக்க வரத்துப் பாடுகிற நேரத்தில் உடுக்கை, தலைமைப் பாடகரான அண்ணாவி முகத்தைப் பார்த்தே வேகம் கூட்ட வேண்டும். பையன் இரண்டு இடத்தில் தடுமாறினான், மறைக்கவில்லை. ஆனால் சாமி வந்தது. சாமியாடுகிற கோமரத்தாடிக்கு எந்த செட்டு உடுக்கை என்று விசாரிக்க நேரமில்லை போலிருக்கிறது.

'அந்தத் தெருப் பையன்' என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

2014 ஆடி மாதம். முக்கூடல் தாண்டி ஒரு கோயிலுக்குப் போகிற வழியில் வண்டி பள்ளத்தில் விழுந்து என் குடம் விரிசல் விட்டுவிட்டது. மணி பதினொன்று இருக்கும். பக்கத்து ஊரில் இன்னொரு செட்டுக்காரர், எனக்கு அப்போது அவ்வளவு பழக்கமில்லை. கதவைத் தட்டினேன். "ஏல, நட்டநடுச் சாமத்துல என்னல?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொண்டு போ. ஒடஞ்சா குடமா வாங்கித் தா, துட்டாத் தராத." மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. உன் கைக்குத்தான் அது பேசுது, நீயே வச்சுக்கோ என்றுவிட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி. 2020 ஊரடங்கில் ஒரு கொடைகூட இல்லாமல் போனபோது இரண்டு பேரும் ஒரே கொத்தனாரிடம் சித்தாள் வேலைக்குப் போனோம். ஒரே தூக்குவாளியில் கஞ்சி.

அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பையனை நிறுத்தியதும் அவருடைய செட்டுதான்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பேரன் போனை நோண்டியிருப்பான் என்றுகூட யோசித்தேன். அதற்குள் பையனிடமிருந்து போன்.

அண்ணாச்சி, அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். உடுக்கைக்குப் பக்கத்தில் நான் தட்டிக்கொண்டிருப்பது எந்தக் குடம் என்று தெரிகிறதா? அன்றைக்குப் பந்தலில் வாடகை உடுக்கை மட்டும் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கு அச்சாரம் வாங்கியிருக்கிறேன். உடுக்கைக்கு அந்தப் பையனைத்தான் சொல்லியிருக்கிறேன். குடத்தைத் திரும்பக் கேட்டால் அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் வைக்கிற பிரிமணையோடு திண்ணையில்தான் இருக்கிறது.