கருப்புக் கத்திக்குக் கூடுதல் பலம் கிடையாது மக்கா

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் சுடும் விளையாட்டில் 'நைட்' என்ற கருப்புக் கத்தி ஸ்கின் (ஆயுதத்தின் தோற்றத்தை மாற்றும் மேல்பூச்சு) போட்டால் வேகமாக ஓடலாமாம், ஒரே குத்தில் எதிராளி காலியாம். ஆட ஆட அது தேய்ந்துபோகும், அதற்குள் அதை இந்த லிங்க்கில் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடிகிறது.

மூன்றுமே தவறு. ஸ்கின்கள் 2013 ஆகஸ்டில் வந்த நாளிலிருந்து வெறும் அலங்காரம்தான். மவுஸில் ரைட் கிளிக் செய்து எதிராளியின் முதுகில் குத்தினால் ஆள் காலி. அது காசில்லாமல் கிடைக்கும் சாதாரணக் கத்திக்கும் பொருந்தும். ஓட்ட வேகமும் ஒன்றே. சந்தேகமிருந்தால் பாட்களோடு (கம்ப்யூட்டரே ஆட்டும் ஆட்கள்) ஒரு ஆட்டம் போட்டு, இரண்டு கத்தியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

தேய்மானக் கதைதான் பலரையும் ஏமாற்றுகிறது. என் சித்தி மகனுடைய கத்தியின் விளிம்பில் கருப்பு உரிந்து வெள்ளிக்கம்பி மாதிரி உலோகம் தெரியும். நாம் ஆடித்தான் அப்படி ஆனது என்று அவனும் நம்பியிருந்தான். அந்தத் தேய்மானம் 0 முதல் 1 வரையிலான ஓர் எண். ஸ்கின் உருவாகும்போதே நிலையாகிவிடும். விளையாட்டிலேயே உள்ள இன்ஸ்பெக்ட் வசதியில் கத்தியைத் திறந்து அந்த எண்ணை இன்று குறித்து வையுங்கள், அடுத்த மாதமும் அதே எண்தான் இருக்கும்.

அப்புறம் அந்த லிங்க். ஸ்டீம் (இந்த விளையாட்டை ஆடப் பயன்படும் கணக்குத் தளம்) பாஸ்வேர்டு கேட்கும் போலிப் பக்கங்களுக்கு இப்படித்தான் ஆள் பிடிப்பார்கள். ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் உடனே அதை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். உங்கள் குழுவில் அந்த ஃபார்வர்டு வந்தால், மேற்கொண்டு யாருக்கும் தள்ளிவிட வேண்டாம்.