நெடுந்தீவுக் குப்பைக்கு யார் படகுக் கூலி கொடுப்பது?

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நம் நெடுந்தீவில் குப்பை பிரிப்பதைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பவை நிறத் தொட்டிகள்தான். பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. இலங்கை முழுக்க இதுதான் ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாகப் பிரித்தது ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஒரே பள்ளத்தில் விழும் என்று தெரிந்தால், எந்த வீட்டுக்காரரும் இரண்டாம் கிழமையே பிரிப்பதை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என்னைக் கேட்டால் முதலில் தீர்க்க வேண்டியது படகு விஷயம். சோடா, தண்ணீர்ப் போத்தல், பால்மா, பிஸ்கட், சீமெந்து எல்லாம் குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து கடல் தாண்டித்தான் வருகின்றன. ஏற்றுகூலியைக் கடைக்காரர் கொடுக்கிறார், அதைச் சாமான் விலையில் போட்டு நம்மிடம் வாங்கிக்கொள்கிறார். சரி, வெறும் போத்தல் திரும்பிப் போக யார் கூலி கொடுப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அது வேலியோரத்தில் கிடக்கிறது, அல்லது பின்னேரத்தில் வளவு மூலையில் எரிகிறது. யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் எடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். நடுவில் கடல் இருப்பதால் அவர்கள் கொடுக்கும் விலை கூலியிலேயே கரைந்துவிடுகிறது.

அதிலும் பிளாஸ்டிக் போத்தல் பொல்லாத சாமான். நசுக்காமல் சாக்கில் கட்டினால் நாம் கடல் கடத்துவது முக்கால்வாசி காற்றைத்தான். இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கூரை, கையால் அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்று, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள்களில் கட்டுகளை அடுக்கிவைக்க இடம், திரும்பும் படகில் கிழமைக்கு ஒரு தடவை பேசி முடித்த கூலி. பிரதேச சபை பணம் ஒதுக்குவதென்றால் இதற்கு ஒதுக்கட்டும். தொட்டிக்கு நிறம் பூசுவதைப் பிறகு பார்க்கலாம்.

அப்புறம், ஐந்து வகை நமக்கு வேண்டுமா என்பதும் கேட்க வேண்டியதுதான். ஆடு, மாடு, கோழி உள்ள வீட்டில் பச்சைத் தொட்டிக்கு வேலையே இல்லை. மிஞ்சின சோறு வெறுமனே கிடந்தால் அது குப்பையே அல்ல. பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு எறியும்போதுதான் மாடு பையோடு விழுங்குகிறது. கண்ணாடி பாரம், விலையும் குறைவு. ஆனால் அது கிணற்று நீருக்கு நஞ்சு விடுவதில்லை. முழுப் போத்தலைத் திரும்பப் பாவிக்கலாம், உடைந்ததை நொறுக்கி நிரவலுக்குப் போடலாம். அவசரமாகத் தீவை விட்டுப் போக வேண்டியவை பிளாஸ்டிக், தகரம், பற்றரி. வீட்டுக்கு இரண்டு உரப்பை, பற்றரிக்கு ஒரு பழைய பேணி, அவ்வளவு போதும். குழந்தைகளின் பம்பர்ஸ், சாஷே உறை போன்றவற்றை வாங்க ஆளே கிடையாது. அவற்றையும் மீள்சுழற்சி செய்வோம் என்று மேடையில் சொல்வது சும்மா கதை. கூலி கொடுத்து வெளியே அனுப்ப வேண்டிய சாமான் அது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நம் நிலம் அப்படி. முருகைக்கல் மேல் மெல்லிய மண். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில இடங்களில்தான் உண்டு. சுண்ணாம்புப் பாறை நீரை வடிகட்டி வைத்திருக்காது, வெடிப்புகள் வழியாக நேரே உள்ளே விட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளத்தில் குப்பையைப் புதைப்பதும் இங்கே புதைப்பதும் ஒன்றல்ல. இங்கே வேறு பக்கத்துக் கிணற்றுக்குப் போக முடியாது, அதற்கப்பால் கடல்.

இன்னொன்று, இந்தக் குப்பை முழுவதும் ஊர்ச்சனம் போட்டதல்ல. கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் என்று பார்க்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரட்டும், ஊருக்கு வருமானம். ஆனால் ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் எந்தச் சபையால் ஈடுகொடுக்க முடியும்? தமிழ்நாட்டு நீலகிரியில் 2022 இல் நீதிமன்றத் தலையீட்டால் ஒரு திட்டம் வந்தது. மதுப்போத்தலுக்கு 10 ரூபாய் கூட வாங்குவார்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வரும். பெரிய மலை மாவட்டத்தில் செய்வதைவிட இங்கே சுலபம், ஏனென்றால் இறங்குதுறைகளைக் காத்தாலே போதும். குறிகட்டுவானில் போத்தலில் ஒரு சிட்டை ஒட்டிப் பணம் வாங்குங்கள், திரும்பி இறங்கும்போது போத்தலைக் காட்டினால் கொடுத்துவிடுங்கள். ஊர்க்காரருக்கு இது வேண்டாம், பயணிகளுக்கு மட்டும். வரிசை நீளும் என்று படகுக்காரர் முறுமுறுப்பார்கள், அது நியாயமான முறுமுறுப்பு, சிட்டை கொடுக்கத் தனி ஆள் வேண்டும்.

பிளாஸ்டிக் தடைச்சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைக் கொன்ற பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டும் றெஜிபோம் என்னும் நுரைப் பிளாஸ்டிக் பெட்டியும் தடைப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, கழுத்தில் போடும் பிளாஸ்டிக் மாலை தடைப்பட்டன. சட்டம் நல்லது. ஆனால் தண்ணீர்ப் போத்தல் அந்தப் பட்டியலில் இல்லை, நம் கரையில் கூடுதலாகக் கிடப்பது அதுதான்.

கடற்கரைச் சுத்திகரிப்புப் படங்களும் அடிக்கடி வருகின்றன. பிள்ளைகளைப் பாராட்டுகிறேன். ஆனால் கடலில் கிடந்து வெயிலில் பொரிந்த பிளாஸ்டிக்கை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். படம் எடுத்த பிறகு அந்தப் பைகள் எங்கே போயின என்பதையும் பதிவில் எழுதினால் நல்லது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய மானியத்தில் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் வருகிறது. வரவேற்கிறேன். அதோடு பெரிய பற்றரிகளும் வரும், அவற்றுக்கும் ஆயுள் முடியும். பழுதானதைக் கொண்டுவந்தவரே திருப்பி ஏற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.