டினாமினேஷன் வேண்டாம், சரி. சபை விதி எங்கே?

"நாங்க எந்த டினாமினேஷனும் இல்ல, எங்களுக்கு வேதம் மட்டும்தான்." எந்தத் திருச்சபைப் பிரிவையும் (டினாமினேஷன்) சேராத சிறிய சுயாதீன சபைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மை. பேராயர் இல்லை, சினட் என்ற ஆளும் மன்றம் இல்லை, அச்சடித்த ஆராதனை முறைமை இல்லை. ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, யார் மேடை ஏறலாம், பெண்கள் பிரசங்கிக்கலாமா, இதற்கெல்லாம் விதி உண்டு. எல்லாருக்கும் தெரிந்த, எங்கும் எழுதப்படாத விதி. எழுதாத விதி கடைசியில் போதகர் வாய்ச்சொல்லாகத்தான் போய் நிற்கும்.

பிரிவு வேண்டாம் என்பதே ஒரு பிரிவாவது பவுல் காலத்துக் கொரிந்து சபையிலேயே தொடங்கிவிட்டது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று சண்டை போட்டவர்களோடு சேர்த்து, "நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்" என்றவர்களையும் பவுல் ஒரே மூச்சில் கண்டிக்கிறார் (1 கொரிந்தியர் 1:12). 1804-இல் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோனும் கூட இருந்த ஊழியர்களும் தங்கள் பிரஸ்பிட்டரியையே (வட்டாரச் சபைகளின் ஆளும் மன்றம்) கலைத்து, அதற்கு ஓர் உயிலும் எழுதினார்கள். இனி பிரிவுப் பெயரே வேண்டாம், கிறிஸ்தவர்கள் என்ற பெயர் போதும் என்று. அந்த இயக்கம் பிற்பாடு, ஆராதனையில் இசைக்கருவி வாசிக்கலாமா, மிஷன் சங்கங்கள் கூடுமா என்ற கேள்விகளில் பிளந்தது. 1906-இல் அமெரிக்க அரசு எடுத்த மதக் கணக்கெடுப்பில் இரண்டு தனித்தனி அமைப்புகளாகப் பதிவானது. பெயரைக் கலைத்தார்கள், பிரிவினை கலையவில்லை.

ஆகவே சபை விதியை எழுதி வையுங்கள். நான்கு பக்கம் போதும்.

முதலில் ஞானஸ்நானம். குழந்தையில் தெளிப்பு ஞானஸ்நானம், பிறகு திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) என்று வளர்ந்த ஒருவர் உங்கள் சபைக்கு வருகிறார். அவர் இராப்போஜனத்தில் பங்கெடுக்கலாமா? அங்கத்தினர் ஆகலாமா? மூப்பராக, அதாவது சபையை நடத்தும் பொறுப்பாளராக, முடியுமா? இவை மூன்று தனிக் கேள்விகள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் மூன்றும் என்பது ஒரு நிலை. இராப்போஜனப் பந்தி எல்லா விசுவாசிகளுக்கும், அங்கத்துவத்துக்கு மட்டும் முழுக்கு என்பது இன்னொன்று. எதை எடுத்தாலும் ஆள் வருவதற்கு முன் முடிவு செய்யுங்கள். வந்த பிறகு பேசினால் அது உபதேசப் பேச்சாக இருக்காது, அந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சாகிவிடும்.

அடுத்து மூப்பர்கள். குறைந்தது மூன்று பேர், போதகரின் தம்பி, மருமகன் தவிர்த்து. இரண்டு பேர் என்றால் கருத்து வேறுபட்ட அன்றே முட்டுக்கட்டை. பதவிக்காலம் மூன்று வருடம், பிறகு ஒரு வருடம் ஓய்வு. போதகரின் சம்பளத்தைப் பேசும்போது போதகர் அறையில் இருக்கக் கூடாது. பாதிச் சபைகளில் இது ஒன்றே பெரிய சீர்திருத்தம்.

காணிக்கை விஷயத்தில்தான் நல்ல மனிதர்களும் பேர் கெட்டுப் போகிறார்கள். ஆராதனை முடிந்த உடனே, உறவினர் அல்லாத இரண்டு பேர், கதவு திறந்த அறையில் எண்ண வேண்டும். போதகரும் அவர் மனைவியும் எண்ணக் கூடாது. நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகல் பையிலும் ஒரு நகல் கோப்பிலும். அடுத்த வேலைநாளில் வங்கி. கணக்கு சபை பெயரில், காசோலைக்கு இரண்டு கையெழுத்து. "இப்போதைக்கு இதிலிருந்து எடுத்துக்குவோம், அப்புறம் கணக்கு எழுதலாம்" என்ற பேச்சு வரும். அங்கேதான் ஓட்டை விழும். நிலமும் கட்டிடமும் போதகர் பெயரில் இருந்தால், அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் சபைக்கும் வழக்குதான்.

சிறிய சபைக்கு ஒரு பலம் உண்டு: யார் வரவில்லை என்பது உடனே தெரியும். அதைக் கைவிடாதீர்கள். ஐம்பது அறுபது பேரைத் தாண்டினால் ஒருவரால் எல்லாரையும் விசாரிக்க முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட வீட்டு ஜெபக் குழு, நடத்துபவரோடு கூடவே இருந்து நடத்தப் பழகும் ஒருவர். பதினைந்தைத் தொட்டால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். துக்க வீட்டுக்கு முதல் வாரம் கூட்டம் அலைமோதும், ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அந்த இரண்டாம் மாதத்துக்குப் பெயர் போட்டுப் பட்டியல் வையுங்கள். ஜெப விண்ணப்பத்தை வாட்ஸ்அப்பில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்ற பேரில் ஓடும் வம்புக்கு அளவில்லை.

சண்டை வந்தால் மத்தேயு 18:15-17: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, பிறகு சபைக்கு முன். பெரும்பாலும் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேரே பிரசங்கத்தில் ஜாடையாகப் பேசுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் மீது நடந்த பாலியல் குற்றத்துக்கு இந்த வரிசை பொருந்தாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு அந்தப் பிள்ளையை "தனியாகப் பேசு" என்று அனுப்புவது கொடுமை. அன்றே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். ஞாயிறு பள்ளி வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

புகார் போதகர் மேலேயே என்றால்? மேலே பேராயர் இல்லையே. அதற்கு விதியிலேயே வெளிச் சபைகளின் மூத்த ஊழியர் இருவரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களிடம் சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள். சண்டை இல்லாத வருடத்தில் வாங்க வேண்டும். சண்டை வந்த பிறகு தேடினால் ஆளுக்கொரு நடுவரோடு வருவார்கள்.