'கீவின் பேய்' ஓட்டிய விமானம் கணினி விளையாட்டில் பறந்தது

உக்ரைன் போர் பற்றிய பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் ஒரு பழைய வீடியோ மறுபடி தலைகாட்டும். 'முதல் நாளே ஒற்றை ஆளாக ஆறு ரஷ்ய விமானங்களை வீழ்த்திய கீவின் பேய்' என்பது அதற்கான தலைப்பு. 'கீவின் பேய்' என்பது உக்ரைன் தலைநகர் கீவைக் காத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு போர் விமானியின் பட்டப்பெயர்.

வீடியோ உண்மையான சண்டை அல்ல. 'டிசிஎஸ் வேர்ல்டு' என்ற கணினி விளையாட்டில் உருவாக்கப்பட்டது. அதை யூடியூபில் ஏற்றியவர், இது விளையாட்டுக் காட்சி, அந்த விமானிக்கு மரியாதையாகச் செய்தது என்று கீழேயே எழுதியிருந்தார். வெட்டிப் பகிர்ந்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகமே பகிர்ந்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

சரி, வீடியோ பொய், ஆளாவது உண்மையா? அதுவும் இல்லை. போரில் இறந்த ஒரு விமானிதான் அந்தப் 'பேய்' என்று 2022 ஏப்ரல் கடைசியில் செய்தி பரவியது. உடனே ஏப்ரல் 30 அன்று உக்ரைன் விமானப்படை மறுத்தது: அவர் மக்கள் உருவாக்கிய நாயகக் கதாபாத்திரம், தலைநகர வானத்தைக் காத்த 40வது படைப்பிரிவு விமானிகள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த உருவம். கட்டுக்கதை யாருக்குச் சாதகமாக இருந்ததோ அவர்களே அதை மறுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

2022 பிப்ரவரி 24 அன்று படையெடுத்தது ரஷ்யாதான். என் அனுதாபம் உக்ரைன் பக்கம். அதற்காக இந்த வீடியோவை நான் பகிர வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு ஆதரவாளர்கள் இதையே காட்டி, நிஜமான குண்டுவீச்சுப் படங்களையும் போலி என்கிறார்கள்.