மூன்று சனிக்கிழமைத் தலைவலி

தன்னார்வத் திட்டம் ஒன்றில் சேரப்போகும் தம்பி ஒருவன் நேற்று கேட்டான்: "அக்கா, வார இறுதியில் ஊர் சுற்ற விடுவார்களா?" கேட்டுவிட்டு அவனே கூச்சப்பட்டான். சேவைக்குப் போகிறவன் முதலில் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியிருக்கும்.

தாராளமாக விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோப்பியன் சாலிடாரிட்டி கார்ப்ஸ்' திட்டத்தில் வாரத்துக்கு 30 முதல் 38 மணி நேரம்தான் வேலை. வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு, மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு. 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வத் திட்டமான பீஸ் கார்ப்ஸிலும் மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்புச் சேரும். ஆனால் இரவு வெளியே தங்குவதாக இருந்தால் எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நியாயம்தான். நம்மைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுடையது அல்லவா.

'சேவை செய்யப் போன இடத்தில் என்ன உல்லாசம்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி முகாம்களின் பழைய கதைகளில் ஒன்று 1920-இல் பிரான்ஸில் வெர்டன் நகரத்துக்கு அருகே நடந்தது. முதல் உலகப் போரில் சிதைந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் வீடு கட்டித்தர பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒரு சிறு குழுவைத் திரட்டினார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கல்லும் மரமும் சுமக்க ஆள் கிடைக்காமலா அவர்களையும் சேர்த்தார்? எதிரெதிர் நாட்டுக்காரர்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, வேலை பார்ப்பதே அங்கே பாதி நோக்கம். ஆகவே சக தன்னார்வலர்களோடு சேர்ந்திருப்பது வேலைக்கு நடுவே அடிக்கும் கள்ளத்தனம் இல்லை.

சரி, நானும் இப்படி ஒரு திட்டத்தில் இருந்தவள்தான். என் புகார் வேறு. அது பணத்தைப் பற்றியது.

பெரும்பாலான திட்டங்களில் தங்குமிடம், சாப்பாடு போக ஒரு சிறிய கைச்செலவுப் பணம் தருவார்கள். ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே தொகை. அதனால் எல்லோரும் சமம் என்ற நினைப்பு முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே மாதிரிக் கட்டில். சனிக்கிழமை வந்தால்தான் சாயம் வெளுக்கும். எனக்கு மாதக் கடைசியில் அம்மாவிடம் கேட்டால் கொஞ்சம் பணம் வரும். என் பக்கத்துக் கட்டில்காரி தனக்குக் கிடைத்த கைச்செலவுப் பணத்திலேயே மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் அதே தொகைதான். அது எனக்குச் செலவுக்கு, அவளுக்கு வருமானம்.

இது எனக்குத் தெரியவே பல வாரம் ஆனது. நான்தான் குழுவின் பயண அமைச்சர். எங்கே போகலாம், எந்த ரயில், எந்த விடுதி எல்லாம் என் கையில். புதன்கிழமை வாட்ஸ்அப் குழுவில் இடத்தைப் போடுவேன், வியாழன் மாலைக்குள் முன்பதிவு முடிந்துவிடும். அவள் ஒவ்வொரு முறையும் "வருகிறேன்" என்பாள். சனிக்கிழமை காலையில் தலைவலி. முதல் வாரம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டாம் வாரமும் கொடுத்தேன். மூன்றாம் வாரம் எனக்குக் கோபம் வந்தது. 'இவளுக்கு நம்மோடு ஒட்டவே மனசில்லை' என்று இன்னொருத்தியிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு கணக்கில். நாலாவது பயணத்துக்கு எப்படியோ வந்தாள். திரும்பியதும் செலவைப் பிரிக்கும் செயலியில் மொத்தத்தையும் தலைக்குச் சமமாகப் போட்டேன். இரவு இரண்டு பேர் குடித்த பீரும் அதில் இருந்தது. அவள் குடிக்கவில்லை, விடுதியில் காலை உணவுகூட எடுக்கவில்லை. பணத்தைத் தந்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த பத்து நாளும் வேலைக்கு நடந்தே போனாள். பேருந்தில் போகிற தூரம் அது.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசினோம். பேசுவது சுலபமாக இல்லை. எங்கள் பொது மொழி இருவருக்குமே தாய்மொழி இல்லை. 'எனக்கு வசதி இல்லை' என்பதைக் கௌரவமாகச் சொல்லும் சொற்களை எந்த மொழி வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

அதிலிருந்து வரிசையை மாற்றினேன். முன்பெல்லாம் இடத்தை முடிவு செய்துவிட்டு 'யார் வருகிறீர்கள்?' என்று கேட்பேன். பிறகு தொகையை முதலில் கேட்டேன், அதுவும் குழுவில் இல்லை, தனித்தனியாக. குழுவில் கேட்டால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள், மானப் பிரச்சினை. வந்த தொகைகளில் எது குறைவோ அதுதான் பயணத்தின் அளவு. யாருடையது என்று நான் வெளியே சொல்லமாட்டேன். அதற்குள் அடங்குகிற இடத்துக்குத்தான் போவோம். குடிப்பவர்கள் குடித்ததற்குத் தனியாகத் தர வேண்டும். வசதியுள்ள ஒருவன் 'குறைகிறவர்களுக்கு நான் போட்டுவிடுகிறேனே' என்றான். நல்ல மனசுதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வாங்கியவள் மறுமுறை தலைவலிக்குத்தான் திரும்புவாள்.

பயணங்கள் சிறியவையாகின. தூரத்து நகரங்கள் கனவாகவே போயின என்று இரண்டு பேருக்கு வருத்தம், ஒருவன் தனியாகப் போய்விட்டும் வந்தான், தடுக்கவில்லை. ஆனால் பேருந்து போகிற கடைசி நிறுத்தம் வரை போய் அங்கிருந்து நடப்பது, இரவல் கூடாரத்தில் ஆறு பேர் நெருக்கியடித்துப் படுப்பது, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு எட்டுக் கிலோமீட்டர் இருட்டில் பாடிக்கொண்டே வருவது எல்லாம் அந்த மாதங்களில்தான் நடந்தது. அருங்காட்சியகங்களில் எடுத்த படங்களை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அந்த எட்டுக் கிலோமீட்டரில் யார் எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது.

இன்னொரு லாபமும் கிடைத்தது, எதிர்பாராதது. மாதத்தில் ஒரு வார இறுதி எங்கும் போகாமல் இருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நாங்கள் வேலை பார்த்த ஊரில் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று பார்த்தேன். ஐந்து மாதமாக அங்கே இருந்தும் அதுவரை பார்த்ததில்லை.

தம்பி, திட்ட ஒருங்கிணைப்பாளர்கள் பாதுகாப்பு, காப்பீடு எல்லாம் விளக்குவார்கள், கவனமாகக் கேள். பணத்தைப் பற்றி மட்டும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒரு வார்த்தை பேசவில்லை, இளைஞர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். நாங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

கடைசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு நிஜமாகவே தலைவலி. வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். எல்லோரும் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு மெல்லத் திறந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பின்னால் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எவ்வளவு குறைகிறது?"